எமது நிருபர் என்பவர் யார்?

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் பத்திரிகையை மரண அறிவித்தல் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்று என் நண்பர் ஒருவர் சொல்வதுண்டு. நானும் அந்த வயதுக்கு வந்து சில வருடங்களாகின்றன. சென்ற மாதம் ஒருநாட் காலை அப்பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒற்றைப் பத்தியில், ஒரு தீப்பெட்டி அளவான அறிவித்தலில், எனக்குத் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டேன். பெயருக்குக் கீழே 'முன்னாள் ப.நோ.கூ. சங்கக் கிளை முகாமையாளர்' என்றிருந்தது. பிறகு பிள்ளைகளின் பெயர்கள், ஈமக்கிரியை நடைபெறும் நேரம். அவ்வளவுதான்.

ஏறத்தாழ முப்பது வருடங்கள் அந்தப் பத்திரிகைக்கே செய்தி எழுதியவர் அவர். அதைப்பற்றி அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை. செய்திப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றிலும் இல்லை.

அவருடைய மகளிடம் தொலைபேசியில் பேசியபோதுதான் விடயம் விளங்கியது. அறிவித்தலில் 'பத்திரிகை நிருபர்' என்று ஒரு வரி சேர்க்கத்தான் அவர்கள் எண்ணியிருந்தார்கள். அந்த வரியைச் சேர்த்தால் அளவு ஒரு சென்ரிமீற்றர் கூடும், கட்டணமும் கூடும் என்று விளம்பரம் பொறுப்பேற்றவர் சொல்லியிருக்கிறார். கிளை முகாமையாளர் என்பதா, நிருபர் என்பதா, எது வேண்டும் என்று கேட்டபோது ஓய்வூதியம் தராவிட்டாலும் சம்பளம் தந்த தொழிலையே குடும்பத்தார் தெரிவு செய்தார்கள். அதில் பிழையொன்றும் இல்லை.

ஆனால் அந்த ஒரு சென்ரிமீற்றர் என் மனதைவிட்டு அகலவில்லை. ஏனென்றால் அவர் உயிரோடிருந்த காலத்தில் பத்திரிகை அவருக்குச் சன்மானம் கொடுத்ததும் சென்ரிமீற்றர் கணக்கிலேதான். வெளியான செய்தியை வெட்டி, ஒரு தாளில் ஒட்டி, அடிமட்டத்தால் அளந்து, மாத முடிவில் கூட்டிக் கணக்கனுப்ப வேண்டும். நான் பார்த்த காலத்தில் ஒரு சென்ரிமீற்றருக்குக் கிடைத்த தொகை, கடையில் ஒரு பிளேன்ரீ குடிக்கவும் போதாது. தலைப்பு பெரிதாக வந்தால் அளவு கூடும், அது நிருபரின் அதிர்ஷ்டம். செய்தி சுருக்கப்பட்டால் அது அவருடைய விதி. மரண அறிவித்தலுக்குப் பத்திரிகை வாங்கும் சென்ரிமீற்றர் விலைக்கும் நிருபருக்குக் கொடுக்கும் சென்ரிமீற்றர் விலைக்கும் இடையிலுள்ள தூரத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளட்டும்.

இன்று நான் எழுத விரும்புவது இவர்களைப் பற்றித்தான். 'மூதூர் நிருபர்', 'புலோலி நிருபர்', 'வாழைச்சேனை நிருபர்', 'பதுளை நிருபர்' என்று அடைப்புக்குறிக்குள் நீங்கள் காலங்காலமாக வாசித்து வந்த மனிதர்கள். கொழும்பில் ஆசிரியபீடத்தில் இருந்தவர்களின் பெயர்கள் நாலுபேருக்குத் தெரியும். எங்களுக்கு நினைவுமலர்கள் வரும், பொன்னாடைகளும் வரும். இவர்களுக்கு ஊர்ப்பெயரே பெயர்.

1995ஆம் ஆண்டு கலைப்பட்டதாரி என்ற தகைமையோடு கொழும்பிலுள்ள ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது என்னைப் பிரதேசச் செய்திகளைப் பார்க்கும்படி விட்டார்கள். புதிதாக வருபவர்களுக்கெல்லாம் அதுதான் கொடுக்கப்படும். வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்ப்பவருக்கும் பாராளுமன்றச் செய்தி எழுதுபவருக்கும் இருந்த மதிப்பு அந்த மேசைக்கு இருக்கவில்லை. ஒரு பத்திரிகையின் அத்திவாரம் எதுவோ அதை அனுபவமில்லாதவனின் கையில் கொடுத்துப் பழக விடுவது எங்கள் பத்திரிகை உலகின் விசித்திரங்களில் ஒன்று.

காலையில் மேசைக்கு வந்தால் கபிலநிறக் கடித உறைகள் குவிந்து கிடக்கும். சில தபாலில் வந்தவை. சில இரவு பஸ் நடத்துநரின் கையில் கொடுத்தனுப்பப்பட்டு, புறக்கோட்டையில் எங்கள் அலுவலகப் பையன் போய்ப் பெற்று வந்தவை. அவசரமென்றால் தொலைநகல் வரும். அதற்கு நகரத்திலுள்ள தொடர்பாடல் நிலையத்துக்கு நிருபர் சைக்கிளில் போயிருக்க வேண்டும், கட்டணமும் தன் சட்டைப்பையிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாளின் பின்பக்கத்தில், கூட்டுறவுச் சங்கப் படிவத்தின் பின்பக்கத்தில், கோயில் விஞ்ஞாபனத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பார்கள். ஆசிரியர்கள், தபாலதிபர்கள், கூட்டுறவுக் கடை முகாமையாளர்கள், பத்திரிகை விற்பனை முகவர்கள் என்று பகலில் வேறு தொழில் செய்தவர்களே பெரும்பாலும். முழுநேர நிருபர் என்பவர் நகரங்களில்கூட அரிது.

அவர்கள் எழுதியவற்றில் பாதி, கொழும்பிலிருப்பவனுக்குச் சலிப்பூட்டுபவை. 'அதிபர் திரு. இன்னார் தலைமையில் நடைபெற்ற இல்ல விளையாட்டுப் போட்டியில் பிரதம விருந்தினராக…' என்று தொடங்கி ஒரு பக்கம் முழுவதும் பெயர்களாகவே போகும். நான் பெயர்களையெல்லாம் வெட்டிவிட்டு மூன்று வரிகளாக்குவேன். பெயர்கள்தான் செய்தி என்பது விளங்க எனக்கு இரண்டு வருடங்கள் பிடித்தன. நூறு மீற்றர் ஓட்டத்தில் மூன்றாமிடம் பெற்ற பிள்ளையின் பெயர் அச்சில் வந்தால் அந்தக் கிராமத்துக்குப் பத்துப் பிரதிகள் கூடுதலாகப் போகும். அந்தப் பிரதி ஒரு சூட்கேசுக்குள் நாற்பது வருடம் இருக்கும். இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் எத்தனை பேரின் வீட்டில் அப்படியொரு மஞ்சள் படிந்த துண்டு இருக்கிறது என்பதை என் வாசகர்களே சொல்லலாம்.

மற்றப் பாதி வேறு வகையானது. குளத்தில் நீரில்லை. உரம் வரவில்லை. யானை வந்தது. ஆஸ்பத்திரியில் பாம்புக்கடிக்கு மருந்தில்லை. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஒரு வருடமாகியும் பதிலாள் இல்லை. பஸ் இரண்டு கிழமையாக அந்தப் பக்கம் போகவில்லை. இவற்றை அமைச்சரின் ஊடகச் செயலாளர் எழுதமாட்டார். செய்தி முகவர் நிலையமும் எழுதாது.

நான் குறிப்பிடும் பெரியவர் வவுனியா மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து எழுதியவர். கிராமத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே தவிர்க்கிறேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஒருமுறை அவர் தங்கள் குளத்தின் துருசு உடைந்திருப்பதாக எழுதியிருந்தார். 'துருசு' என்ற சொல் எனக்குத் தெரியாது. அகராதியை எடுத்துப் பார்க்கும் பொறுமையும் இருக்கவில்லை. அதை அடித்துவிட்டு 'மதகு' என்று திருத்தினேன். தமிழ் இலக்கியம் படித்தவனல்லவா! வன்னியில் குளத்துநீர் வெளியேறும் வாய்க்குத் துருசு என்று பெயர். வீதியின் கீழே நீரோடும் கட்டுமானத்தையே அங்கே மதகு என்பார்கள். செய்தி வந்த மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, வீதிப் பகுதிக்காரர் வந்து ரோட்டிலை இருக்கிற மதகெல்லாத்தையும் பாத்திட்டு, ஒண்டும் உடையேல்லை எண்டு போட்டினம். குளத்திலை இப்பவும் தண்ணி போய்க்கொண்டுதான் இருக்கு."

கோபமில்லாமற் சொன்னார். மறுநாள் திருத்தம் போட்டோம். நீர்ப்பாசனத் திணைக்களத்தினர் வந்து துருசைச் சீர்செய்ய மேலும் சில கிழமைகள் சென்றன. அதற்கிடையில் எத்தனை ஏக்கர் பயிருக்கான நீர் வீணாய்ப் போனதென்று அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இது சிறிய பிழை. நான் செய்த பெரிய பிழை 1998ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

வவுனியாவில் அக்காலத்தில் பாஸ் நடைமுறை இருந்ததை வாசகர்களிற் பலர் அனுபவித்தே அறிந்திருப்பீர்கள். வன்னியில் போர் உச்சத்திலிருந்தது. அவ்வருடம் ஜூன் மாதத்தில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கையும் கொண்டுவரப்பட்டது. இடம்பெயர்ந்து வந்து நலன்புரி நிலையமொன்றில் தங்கியிருந்த ஒரு தாய், நோயுற்ற பிள்ளையை வெளியூர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதற்கு அனுமதி கேட்டு இரண்டு நாட்கள் வரிசையில் நின்றதைப் பெரியவர் எழுதியனுப்பியிருந்தார். பத்து வரிகளுக்கு மேல் இல்லை. ஒரு குற்றச்சாட்டுச் சொல்லும் அதில் இல்லை. எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குத் திருப்பியனுப்பப்பட்டாள் என்று மட்டும் இருந்தது. தாளின் மேல் மூலையில் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார்: 'ஊர்ப் பெயரைப் போடாதேங்கோ. வவுனியா என்று மட்டும் போட்டாற் போதும்.'

இரவுப் பதிப்பு அவசரம். அவருடைய செய்திகளுக்கெல்லாம் வழக்கமாகப் போடும் அதே அடைப்புக்குறியை, அதே ஊர்ப்பெயரோடு, கை பழகிய பழக்கத்தில் போட்டுவிட்டேன். பக்கம் போய்விட்டது. கவனித்தபோது அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

வாசகர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் 'எமது நிருபர்' என்றால் அது எவராகவும் இருக்கலாம். ஒரு கிராமத்தில் பத்திரிகைக்கு எழுதுபவர் ஒருவர்தான். ஊர்ப்பெயரைப் போடுவது அவருடைய வீட்டு முகவரியைப் போடுவதற்குச் சமம். பெயர் போடாததால் அவருக்குப் புகழும் இல்லை, ஊர் போட்டதால் அவருக்குப் பாதுகாப்பும் இல்லை.

மூன்று நாட்கள் விசாரணைக்காக வைத்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவரும் ஒரு மதகுருவும் போய்ப் பேசியபின் விட்டார்கள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அவர் எங்களுக்கு எழுதவில்லை. மன்னிப்புக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு ஒரு தபாலட்டையில் பதில் வந்தது. பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது என்றும், செய்தி வந்த அன்று மத்தியானமே அனுமதி கிடைத்துவிட்டது என்றும் இரண்டு வரிகள். தனக்கு நடந்ததைப்பற்றி ஒன்றும் இல்லை. மீண்டும் எழுதத் தொடங்கியபோது தாளின் மூலையில் அந்தச் சிவப்புக் குறிப்பு ஒவ்வொரு முறையும் இருந்தது, விளையாட்டுப் போட்டிச் செய்தியிலும்கூட.

அவருக்கு நேர்ந்தது மூன்று நாட்களோடு முடிந்தது. எல்லோருக்கும் அப்படி முடியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி. தமிழோசைக்கும் வீரகேசரிக்கும் செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி ஊரடங்கு வேளையில் தன் வீட்டில் வைத்துச் சுடப்பட்டார். மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் திகதி காலை வேலைக்குச் செல்லும் வழியில் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டும் படங்களை எடுத்து அந்தக் கதையைப் பொய்யாக்கியவர் சுடர் ஒளியின் திருகோணமலை நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போவதற்காக பஸ்ஸுக்குக் காத்துநின்றபோது அவரும் சுடப்பட்டார். துறைமுகத்தில் தொழில் பார்த்தவர் அவர். அந்த வருடமே மே 2ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து இரு பணியாளர்களைக் கொன்றார்கள். 2007 ஏப்ரலில் அதன் இளம் நிருபர் செல்வராஜா ரஜீவர்மன் சைக்கிளில் போகும்போது சுடப்பட்டார். இவற்றில் எதற்கும் இன்றுவரை நீதிமன்றத்தில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இப்பட்டியலில் நான் கவனிப்பது ஒன்றுண்டு. கொழும்பில் ஆசிரியபீடத்தில் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகை உலகம் கொடுத்த உயிர்களிற் பெரும்பகுதி பிரதேசங்களில் இருந்து செய்தி தந்தவர்களுடையது. அவர்களிற் சிலர் காலையில் வேறு தொழிலுக்குப் புறப்பட்ட வேளையில் இறந்தவர்கள். பத்திரிகை அவர்களுக்குச் சோறு போடவில்லை.

இவ்வளவும் எழுதியதால் பிரதேச நிருபர்கள் எல்லோரும் தியாகிகள் என்று நான் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். அந்த மேசையில் இருந்தவனுக்கு மறுபக்கமும் தெரியும். கோயில் நிர்வாகசபைத் தகராறில் ஒரு கட்சிக்காரராக இருந்துகொண்டே 'ஊர்மக்கள் விசனம்' என்று எழுதியவர்கள் உண்டு. ஒப்பந்தக்காரர் வாங்கித்தந்த சாப்பாட்டுக்காக அரைகுறை வீதியைத் திறப்புவிழாச் செய்தியாக்கியவர்கள் உண்டு. அரசியல்வாதி மாலையோடு நிற்கும் படம் வாரத்துக்கு மூன்று அனுப்பி, அவருடைய ஊழல்பற்றி ஒன்றும் அனுப்பாதவர்கள் உண்டு. குடிநீர்க் கிணற்றில் ஒரு பகுதி மக்களை அள்ளவிடாமற் தடுத்த செய்தி, சாதியின் பெயரைச் சொல்ல நேரும் என்பதற்காகவே ஊரை விட்டு வெளியேறாமற்போன சந்தர்ப்பங்களும் உண்டு. ஊரில் வாழ்பவன் ஊரைப்பற்றி எழுதுவதில் உள்ள இடர்ப்பாடு அது. நாளைக்கு அதே கடையில்தான் அவன் சாமான் வாங்க வேண்டும், அதே வீட்டில்தான் பெண் எடுக்க வேண்டும்.

ஆயினும் ஒருவனுக்குச் சம்பளமும் கொடாமல், நியமனக் கடிதமும் கொடாமல், போக்குவரத்துச் செலவும் கொடாமல் விட்டுவிட்டு, அவன் ஒப்பந்தக்காரரின் வாகனத்தில் ஏறிப் போனான் என்று குறைசொல்லும் தகுதி பத்திரிகை நிர்வாகங்களுக்கு இருக்கிறதா? என்னைக் கேட்டால் இல்லை என்பேன். நானும் அந்த நிர்வாகங்களின் கீழ்ச் சம்பளம் வாங்கியவன்தான். ஊழியர் சேமலாப நிதி என் பெயரில் மாதாமாதம் கட்டப்பட்டது. என் மேசைக்குச் செய்தி அனுப்பியவர்களுக்கு ஒரு சதமும் கட்டப்படவில்லை. அக்காலத்தில் அதுபற்றி நான் ஒரு கூட்டத்திலும் வாய்திறக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது என்பார்கள். மாறித்தான் இருக்கிறது. பஸ் நடத்துநர் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியிற் படமெடுத்து அடுத்த நிமிடமே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். ஒரே செய்தி ஒரே எழுத்துப்பிழைகளோடு ஐந்து பத்திரிகைகளுக்கும் பத்து இணையத்தளங்களுக்கும் போகிறது. இணையத்தளங்கள் பல அதை எடுத்துப் போடுகின்றனவே தவிர எழுதியவருக்கு எதுவும் கொடுப்பதில்லை. சென்ரிமீற்றர் கணக்காவது இருந்தது என்று ஏங்கும்படி ஆகிவிட்டது. விபத்தில் இறந்தவரின் உறவினருக்குத் தகவல் கிடைக்கும் முன்னர் பிணத்தின் படம் முகநூலில் வந்துவிடுகிறது. இதைச் செய்பவர்களும் தம்மைப் பிரதேச ஊடகவியலாளர் என்றே சொல்கிறார்கள். ஆனால் குளத்துத் துருசு உடைந்ததைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதுபவர் தொகை குறைந்துகொண்டு வருகிறது. அது படத்தில் கவர்ச்சியாக இராது என்பதுதான் காரணமோ என்னவோ.

ஒரு நல்ல மாற்றமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் ஒரு வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று எழுத்தில் கேட்கும் வழியை எந்தவொரு பிரஜைக்கும் திறந்துவிட்டது. கிராமத்து நிருபருக்கு இதைவிடப் பெறுமதியான கருவி வேறில்லை. அந்தக் கருவியைப் பயன்படுத்துவதற்கு விண்ணப்பம் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுத்தால் மேன்முறையீடு செய்ய வேண்டும். சென்ரிமீற்றருக்குக் கூலி பெறுபவர் மூன்று மாதம் ஒரு செய்திக்காகக் காத்திருப்பாரா? பயிற்சிப் பட்டறைகளுக்கும் சான்றிதழ்களுக்கும் குறைவில்லை. மாதாந்தம் ஒரு நிலையான கொடுப்பனவு, கையில் ஒரு நியமனக் கடிதம், ஆபத்து வந்தால் எங்கள் ஆள் என்று எழுத்தில் சொல்ல ஓர் ஆசிரியர், இந்த மூன்றையும் கொடுக்கத் தமிழ்ப் பத்திரிகை முதலாளிகள் முன்வந்தால் பட்டறைகளே தேவைப்படாது. விளம்பர வருமானம் வீழ்ந்துவிட்டது, கடதாசி விலை ஏறிவிட்டது என்று அவர்கள் சொல்வது உண்மை. வருமானம் கொழித்த காலத்திலும் கொடுக்கவில்லை என்பதும் உண்மை.

பெயர் போடும் விடயத்தை நிருபரிடமே விட வேண்டும் என்பது என் கருத்து. சில செய்திகளுக்குப் பெயரும் ஊரும் வேண்டும், அவர் ஊரில் நிமிர்ந்து நடக்கட்டும். சிலவற்றுக்கு இரண்டும் கூடாது. எது எதற்கு என்பது கொழும்பிலிருப்பவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க்கோயில் தேர் எப்போது, பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போனது என்பவற்றைக் காலைக் கோப்பியோடு கைத்தொலைபேசியிற் பார்க்கிறீர்கள். அதை எழுதியவர் யாரென்று ஒருநாளாவது விசாரித்திருக்கிறீர்களா? அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது தேடிப் பாருங்கள். அனேகமாகச் சைக்கிளோ பழைய மோட்டார் சைக்கிளோ வைத்திருப்பார்.

பெரியவரின் மகள் என்னிடம் பேசியது அறிவித்தலைப்பற்றி மட்டுமல்ல. அப்பா வைத்திருந்த கொப்பிகளை என்ன செய்வதென்று கேட்டார். பாடசாலை அப்பியாசக் கொப்பிகள் பதினான்கு. வெளிவந்த ஒவ்வொரு செய்தியையும் வெட்டி ஒட்டி, கீழே திகதியும் சென்ரிமீற்றரும் குறித்திருக்கிறாராம். பணம் வந்ததற்கு ஒரு சரி அடையாளம். பல பக்கங்களில் அந்த அடையாளம் இல்லையாம். எறிந்துவிட வேண்டாம், பழைய பத்திரிகைகளையும் நூல்களையும் மின்வடிவிற் சேர்த்துவைக்கும் நூலகம் நிறுவனத்தாரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். நம்பிக்கை வருவதற்காகவோ என்னவோ, முதலில் ஒரு கொப்பியை மட்டும் பஸ்ஸிலே கொடுத்தனுப்பியிருந்தார். நானே புறக்கோட்டைக்குப் போய் வாங்கிவந்தேன்.

அது 1998ஆம் ஆண்டுக் கொப்பி. ஜூலை மாதப் பக்கத்தில் அந்தப் பத்து வரிச் செய்தி ஒட்டப்பட்டிருக்கிறது. ஊர்ப்பெயரின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. கீழே, ஆறரை சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கிறார். சரி அடையாளம் இல்லை.